போக்கிடம் உள்ள ஓட்டம்

மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பை போலப் புடைப்பதை அனியூரிசம் என்கிறார்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் அந்தப் புடைப்பின் மீதே கை வைப்பதுதான் நெடுங்காலமாக மருத்துவத்தின் வழி. 1937-இல் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டார். 1990-களில் பிளாட்டினச் சுருளைப் புடைப்புக்குள் நிரப்பும் முறை வந்தது.

ஆனால் ரத்த ஓட்டத்தைத் திசைதிருப்பும் ஃப்ளோ டைவர்ட்டர் ஸ்டென்ட் புடைப்புக்குள் நுழைவதே இல்லை. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயில் சென்று, புடைப்பின் வாய்க்கு நேரே தாய்க்குழாயில் விரிகிறது. நுண்கம்பிகளால் பின்னிய வலை அது. பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உலோகம், மற்றதெல்லாம் துளை.

என் வியப்பு அந்தத் துளைகளில்தான். அதே வலை பக்கத்துக் கிளைக்குழாய்களின் வாயிலும் படிகிறது. ஆனால் கிளைகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன; புடைப்பு மட்டும் அடைபடுகிறது. கிளையின் மறுமுனையில் ரத்தத்துக்காகக் காத்திருக்கும் திசு உண்டு. அந்தத் தேவை துளைகளின் வழியே ஓட்டத்தை இழுத்துக்கொள்கிறது. புடைப்புக்கு மறுமுனை கிடையாது. மைசூரு தேவராஜ மொஹல்லாவில், தேவராஜ மார்க்கெட்டின் சந்துகள் எவ்வளவு நெரிசலானாலும் மல்லிகை வாங்க வந்தவர் பூக்கடையை அடைந்துவிடுவார். முட்டுச்சந்துக்குள் போனவர் நின்றுவிடுவார். புடைப்புக்குள் ரத்தமும் அப்படியே தேங்கி உறைகிறது. வலையின் மேல் புதிய உட்படலம் வளர்ந்து வாயை மூடுகிறது.

உடல் இதை உடனே செய்வதில்லை. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பைப்லைன் ஸ்டென்ட்டின் ஆய்வில், பெரிய புடைப்புகளில் சுமார் 74 விழுக்காடு ஆறு மாதத்தில் முழுதும் மூடின. ஐந்தாண்டுக்குப் பின் பரிசோதித்தவற்றில் சுமார் 95 விழுக்காடு மூடியிருந்தன. இதற்கிடையே வலையின் மேல் ரத்தம் உறையாதிருக்க மாத்திரை தேவை. அதனால்தான் வெடித்துவிட்ட புடைப்புக்கு இம்முறையை எடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். காத்திருந்து பலன் தரும் வைத்தியத்தை, புடைப்பு வெடிக்கும் முன்னரே தொடங்கியாக வேண்டும்.

வெளிநாட்டு ஸ்டென்ட்டின் விலை பல லட்சம் ரூபாய். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் மருத்துவ நிலையம், பெங்களூருவின் தேசிய வான்வெளி ஆய்வகத்து நிட்டினால் என்னும் உலோகக் கலவையைக் கொண்டு இத்தகைய ஸ்டென்ட்டை உள்நாட்டிலேயே உருவாக்கியது. தேவையுள்ள இடத்துக்குச் சிகிச்சையும் ஓடிச் சேர வேண்டும் அல்லவா?

பழைய பகை, ஆறாத மனக்கசப்பு என்று நம்முள்ளும் போக்கிடமின்றிச் சுழல்பவை உண்டு. அவற்றோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் நாமே அவற்றுக்கு ரத்தம் பாய்ச்சுகிறோம். நம்மை எதிர்பார்த்திருக்கும் மனிதர்கள் பக்கமும் வேலைகள் பக்கமும் நம் ஓட்டத்தைத் திருப்பிவிட்டுப் பொறுத்திருந்தால், ஊட்டமற்றுப் போன பகை தானே அடங்கும். எவருக்கேனும் போய்ச் சேர்கிற ஓட்டமே உயிரோட்டம்.