தர்ப்பை எது?

தமிழ்நாட்டில் தர்ப்பை என்ற பெயரில் இரண்டு புற்கள் வழங்குகின்றன. ஒன்று ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் நீர் தேங்கி வடியும் மணல் திட்டிலும் வளரும் இம்பெரேட்டா சிலிண்டிரிகா. மற்றது டெஸ்மோஸ்டாக்கியா பைபின்னேட்டா. வடநாட்டில் குசம் என்பது பெரும்பாலும் இதுதான். இரண்டும் பல ஆண்டு வாழும், மண்ணுக்கடியில் தண்டு ஓட்டிப் பரவும், இலை விளிம்பால் விரலைக் கீறும். கடையில் காய்ந்த கட்டாக வாங்கும்போது எது எதுவென்று சொல்வது பழகிய கண்ணுக்கும் எளிதல்ல.

பூத்துவிட்டால் குழப்பம் தீரும். இம்பெரேட்டாவின் கதிர் வெண்பட்டு நூலால் திரித்த திரி போல் இருக்கும்; காற்றில் பஞ்சு பறக்கும். குசத்தின் கதிரில் பஞ்சு கிடையாது. பழுப்பாக, விறைப்பாக, குட்டைக் கிளைகள் தண்டோடு நெருங்கி நிற்கும். பூ இல்லாத நாளில் இலையைப் பார்க்கலாம். இம்பெரேட்டாவின் வெள்ளை நடுநரம்பு பல இலைகளில் நடுவில் ஓடாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். தோண்டினால் வெள்ளைத் தண்டு ஊசிமுனையோடு வரும். வழியில் கிழங்கு இருந்தால் அதையும் துளைத்துக்கொண்டு போகும். ஆளுயரத்தைத் தாண்டி வளர்வது நாணல், அது வேறு.

இவற்றில் எது உண்மையான தர்ப்பை? தாவரவியல் பெயர் சூட்டுவதோடு கேள்வி முடிவதில்லை. புல் பெயர் பெறுவது அதன் இனத்தாலா, மந்திரத்தாலா என்பது வேதச் சடங்கு விதிகளை ஆராயும் மீமாம்சகர்களின் பழைய வழக்கு. வேள்வியில் பரப்பும் புல்லுக்குப் பர்ஹிஸ் என்று பெயர். சடங்கால் தூய்மை பெற்ற பிறகே அந்தப் பெயரா, அதற்கு முன்பும் உண்டா என்று ஜைமினியின் மீமாம்ச சூத்திரம் முதல் அத்தியாயத்தில் ஆராய்கிறது. தூய்மை செய்யாத புல்லையும் மக்கள் அப்பெயரால்தான் சொல்கிறார்கள். ஆகவே அது இனத்தின் பெயர் என்பது தீர்ப்பு. இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. மந்திரம் ஓதிய பின்தான் பர்ஹிஸ் என்றால், ஓதுவதற்கு முன் எதைப் போய் அறுத்து வருவது?

அப்படியானால் புல் மாறினால் சடங்கு வீணா? தரும சாத்திரங்கள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. பத்துத் தர்ப்பைகள் என்று அவை அடுக்கும் பட்டியலில் குசம், நாணல், அருகு, வெட்டிவேர் ஆகியவற்றோடு நெல்லும் கோதுமையும்கூட உண்டு. மீமாம்சையின் ஆறாம் அத்தியாயமோ, விதித்த பொருள் கிடைக்காதபோது அதற்கு ஒத்ததை எடுக்கலாம் என்கிறது. நெல்லுக்குப் பதில் நீவாரம், அதாவது சதுப்பில் தானாக விளையும் காட்டு நெல், இதற்கு வழக்கமான எடுத்துக்காட்டு. இனம் உறுதி என்பதும் மாற்று உண்டு என்பதும் முரண்போலத் தோன்றலாம். உண்மையில் முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது: அசல் எதுவென்று தெரிந்தால்தான் எது மாற்று என்று சொல்ல முடியும்.

தலங்களும் இந்தப் புல்லை விடவில்லை. திருநள்ளாற்று இறைவன் தர்ப்பாரண்யேசுவரர். அங்கே தல விருட்சமே தர்ப்பை. மரம் நிற்க வேண்டிய இடத்தில் புல் நிற்பது பக்திக்கு உறுத்தவில்லை. திருப்புல்லாணியில் இராமன் தர்ப்பையில் கிடந்த கோலம்.

தர்ப்பையை வீட்டில் வளர்க்க விதையை நம்ப வேண்டாம். கணுக்கள் உள்ள மண்ணடித் தண்டை ஒரு சாண் அளவில் வெட்டி, மழை தொடங்கும்போது நட்டால் பிடித்துக்கொள்ளும். வெயில் முழுதாக வேண்டும். மர நிழலில் சோர்ந்துவிடும். தரையில் நடுவதைவிடத் தொட்டி நல்லது. உலகின் மோசமான பத்துக் களைகளுள் இம்பெரேட்டாவும் ஒன்றாக எண்ணப்படுகிறது. துண்டாகிய தண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகும் என்பதால், வயலில் இதை உழுது அழிக்கப் போனவர் பெருக்கிவிட்டு வந்ததும் உண்டு.

ஆவணி அமாவாசையில் அறுத்த தர்ப்பை ஓராண்டுக்கு உதவும் என்பது வழக்கம். நுனி ஒடியாமல் அறுக்க வேண்டும். சுபகாரியத்துக்கு இரண்டு இழை, அமாவாசைத் தர்ப்பணத்துக்கு மூன்று, ஈமச் சடங்கான அபர காரியத்துக்கு ஒன்று எனப் பவித்திரம் முடிந்து மோதிர விரலில் அணிவர். தர்ப்பணம் முடிந்ததும் அந்த முடிச்சை அவிழ்த்துத்தான் போடுவர், முடிச்சோடு எறிவதில்லை. படித்துறையில் கிடப்பது அதன்பின் ஈரப் புல்தான்.