மஞ்சள் வயிற்றுத் தவளை

ஒரு பிளாஸ்டிக் தவளைக்கு வயிறு என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியால் அமெரிக்காவில் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் கெட்டுப் புரண்டிருக்கிறேன். (ஜெட்லாக் என்பாள் அக்கா. நம்பாதீர்கள்.)

அக்கா வீடு அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில். ராக்கெட் ஊர். அத்தான் அங்கே இன்ஜினீயர். ஒரு மணி நேரம் காரில் போனால் கன்டர்ஸ்வில் ஏரி. ஏரி என்றதும் வேளச்சேரி ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். டென்னஸி ஆற்றின் குறுக்கே 1939-ல் கட்டி முடித்த அணை தேக்கி வைத்திருக்கும் தண்ணீர். பரப்பளவு சுமார் 69 ஆயிரம் ஏக்கர். 'பாஸ்' என்கிற பெரிய வாய் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பவர்களுக்கு இது திருப்பதி. அவர்களுடைய உலகக் கோப்பை மாதிரியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டி 2014-லும் 2020-லும் இங்கேதான் நடந்தது.

நான் போனது அக்டோபரில். அந்த மாதத்தில் ஏரி முழுக்க நீர்ச்செடி வளர்ந்து, தண்ணீர் மேல் பாய் விரித்தது மாதிரி படர்ந்து கிடக்கும். பாய்க்கு அடியில் பாஸ் பதுங்கியிருக்கும். சாதாரணத் தூண்டிலைப் போட்டால் செடியில்தான் மாட்டும். அதற்காகவே ஒரு தவளை செய்திருக்கிறார்கள். மெத்தென்ற, உள்ளே வெறும் காற்று உள்ள உடம்பு. முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வளைந்த இரண்டு கொக்கிகள். பின்னால் கால் மாதிரி ரப்பர் இழைகள். நம் ஊரில் விராலுக்கு நிஜத் தவளையையே கோத்துப் போடுவார்களே, அதன் டாலர் வடிவம். பாய் மேல் இதைத் தத்தித் தத்தி இழுத்துக்கொண்டு வந்தால், அடியிலிருந்து பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம், ஒரு பெரிய வாய், தவளையைக் காணோம். பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். வாயில் ஓட்டை போட்டு விடுதலை கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். அது வேறு ஒரு வாரத்துக்கு.

அக்கா பையனுக்குப் பதிமூன்று வயது. வேறு மாநிலத்திலிருந்து வந்து சேர்ந்து ஒரு வருஷம். பள்ளிக்கூடத்தில் யாரோடும் ஒட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லைப்ரரியில் போய் உட்கார்ந்துகொள்கிறான் என்று போனில் அக்கா அழுதிருக்கிறாள். அப்புறம் பள்ளியின் மீன்பிடி டீமில் சேர்ந்தான். (இருக்கிறது, அங்கே அதற்கும் டீம் இருக்கிறது.) ஒரு சனிக்கிழமை, வயிற்றில் பச்சை கலந்த எலுமிச்சை மஞ்சள் பூசிய தவளையில் அடுத்தடுத்து நாலு மீன். அன்றிலிருந்து அவன் பெயர் 'தவளைப் பையன்'. நண்பர்கள் வந்தார்கள். சிரிப்பு வந்தது. மஞ்சள் வயிறுதான் ராசி, வெள்ளை வயிறு தண்டம் என்பது அவன் வேதம்.

நான் போனபோது, பிறந்தநாளுக்கு வந்த காசில் ஆறு மஞ்சள் வயிற்றுத் தவளை வாங்கத் திட்டம் போட்டிருந்தான். ஒன்று பத்து டாலர். அடுத்த வாரம் போட்டி.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையாவது படித்துத் தொலைப்பது. அன்று ராத்திரி பாஸ் மீனின் கண்ணைப் பற்றிப் படித்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்து 2019-ல் அச்சான ஆராய்ச்சி. நம் கண்ணில் நிறத்துக்கென்று மூன்று வகைச் செல்கள். பாஸுக்கு இரண்டே வகை, ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. இரை கொடுத்துப் பழக்கி, நிறங்களைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சிவப்பையும் பச்சையையும் பாஸ் பிரமாதமாகக் கண்டுபிடிக்கிறது. கறுப்பையும் கருநீலத்தையும் குழப்பிக்கொள்கிறது. அதே போல் வெள்ளையையும்... ஆமாம், அந்தப் பச்சை கலந்த மஞ்சளையும்!

பையனின் வேதமும் தண்டமும் மீனுக்கு ஒன்றேதான்.

இன்னும் இருக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வானம் மொத்தமும் ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கித் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே நிற்பவரைப் போட்டோ எடுத்தால் முகம் கறுப்பாக விழுமே, அந்தக் கதைதான் தவளை வயிற்றுக்கும். நிழல் உருவம்தான் முதலில் தெரியும். நிஜத் தவளைக்கு வயிறு வெளுப்பாக இருப்பதே கீழேயிருந்து பார்ப்பவன் கண்ணில் படாமல் இருக்கத்தான். முதுகு கறுப்பும் வயிறு வெளுப்புமாகப் பிராணிகள் இருப்பதன் ரகசியத்தை 1896-ல் எழுதியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். மறைந்துகொள்ள இயற்கை கொடுத்த சாயத்தை, மீன் பார்க்க வேண்டிய பொம்மைக்குப் பூசி விற்கிறார்கள். பாய் போலச் செடி மூடிக் கிடக்கும் இடத்திலோ கேட்கவே வேண்டாம், வயிறு தெரிந்தால்தானே நிறம்? அங்கே மீனுக்குத் தெரிவது மேலே ஏதோ அசைகிறது என்பதுதான். தெளிவான திறந்த தண்ணீரில், மீன் நிதானமாகக் கிட்டே வந்து பார்க்கும்போது, நிறத்துக்கு ஏதாவது மதிப்பு இருக்கலாம். இல்லையென்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் பாருங்கள், கடையில் தவளை தொங்கும்போது நாம் பார்ப்பது முதுகை. மீன் பார்ப்பது வயிற்றை. காசு கொடுப்பது யார்?

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு உடனே தோன்றிய கேள்வி வேறு. மஞ்சளில் அதிக மீன் என்கிறானே, மஞ்சளை எத்தனை மணி நேரம் போட்டான், வெள்ளையை எத்தனை மணி நேரம் போட்டான்? ஒரு கடையை நாள் பூரா திறந்து வைத்து, இன்னொன்றைப் பத்து நிமிஷம் திறந்து மூடிவிட்டு, விற்பனையை ஒப்பிட்டால் என்ன அர்த்தம்?

காலையில் காபி குடிக்கும்போது அத்தானிடம் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதே மாப்ளே. இப்பதான் புள்ள சிரிக்கறான்."

அத்தான் சொன்னதில் விஷயமும் இருந்தது. தவளை மேல் மீன் பாய்ந்ததும் வெடுக்கென்று இழுத்தால் தப்பிவிடும். மீனின் கனம் கையில் தெரியும்வரை ஒரு கணம் பொறுக்க வேண்டும். நம்பிக்கை உள்ளவன் பொறுப்பான். மஞ்சள் கட்டினால் பையன் பொறுக்கிறான், ஒரே இடத்தில் இருபது தடவை வீசுகிறான். வெள்ளை கட்டினால் நாலு வீச்சில் சலித்துப் போய் இடத்தை மாற்றுகிறான். ஆக மஞ்சள் வேலை செய்கிறது, மீனிடம் இல்லை, பையனிடம். பொய்யான நம்பிக்கை, நிஜமான மீன். இதை ஏன் கெடுக்க வேண்டும்? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?

நானும் வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஏரிக்குப் போகிற வழியில் பையன் சொன்னான், "மாமா, என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வெள்ளைத் தவளையெல்லாம் வெச்சிருந்தாங்க. நான்தான் எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன். இன்னிக்கு ஈவ்னிங் வாங்கப் போறாங்க. ஒருத்தன் லான் வெட்டி காசு சேர்த்திருக்கான்."

எனக்கு அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

1996. நான் பி.காம். முதல் வருஷம். வீட்டில் எனக்கு ஆடிட்டர் மரியாதை. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 24 சதவீத வட்டி தருகிறார்கள் என்று என் நண்பன் வீட்டில் போட்டிருந்தார்கள். ஆறு மாசம், ஆறு செக், ஒன்றுகூட ஒரு நாள் தாமதமில்லை. நான் பார்த்தது அந்த ஆறு செக்கை. அந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் புரிந்திருக்குமா, அது வேறு. ஆனால் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் நான் நம்பினேன். மனசார நம்பினேன். மாமா போன பிறகு அத்தைக்கு வந்த பணத்தில் முக்கால்வாசியை அங்கே போடச் சொன்னேன். அத்தைக்கு நாலு செக் வந்தது. ஐந்தாவது மாசம் ஷட்டரில் பூட்டு.

அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ என்னடா பண்ணுவே, நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னே" என்றாள். ரொம்ப காலம் நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வில்லியம் கிளிஃபர்ட் என்று ஒரு ஆங்கிலேயக் கணக்கு மேதை. 1877-ல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று சந்தேகம் வருகிறது. செலவாகுமே! இத்தனை தடவை போய்த் திரும்பி வந்த கப்பல்தானே என்று மனசைச் சமாதானம் செய்து, உண்மையாகவே நம்பி, பயணிகளை ஏற்றி அனுப்புகிறான். கப்பல் மூழ்குகிறது. இவன் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறான். கிளிஃபர்ட் சொல்கிறார், அவன் உண்மையாக நம்பினான் என்பது சால்ஜாப்பு இல்லை, அந்த நம்பிக்கைக்கு அவனுக்கு உரிமையே கிடையாது. இதோடு விட்டாரா? கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளிதான் என்கிறார்.

ரொம்பக் கறார். தவளை வயிற்றுக்கெல்லாம் இவரைக் கூப்பிட்டால் வாழ முடியாது. என்னிடம் ஒரு பேனா இருக்கிறது, அதில் எழுதினால்தான் இந்தப் பத்தி ஓடும். அதை யாரும் சோதித்துக் காட்ட வேண்டாம். நஷ்டம் என்னுடையது, என்னோடு போகட்டும். பையனின் மஞ்சளும் நேற்று வரை அப்படித்தான் இருந்தது. புல் வெட்டிய காசில் இன்னொருத்தன் வாங்கப் போகிறான் என்றபோது, பேனாவைத் தாண்டி அத்தை பக்கம் வந்துவிட்டதாகத் தோன்றியது. பத்து டாலர்தானே என்று கேட்கலாம். பதிமூன்று வயதில் பத்து டாலர். பத்தொன்பது வயதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

படகில் ஏறியதும் சொல்லிவிட்டேன். அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் ஏரியே காய்ந்திருக்கும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. தவளையைத் திருப்பி வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"மாமா, அந்த மீனெல்லாம் டேங்க்லதானே இருந்துது?"

"ஆமாம்டா, லேப்ல."

"மேலே செடியெல்லாம் இல்லையே?"

"இல்லை."

போனை எடுத்து நண்பனுக்கு ஏதோ தட்டினான். இப்போதைக்கு வாங்காதே என்று அனுப்பியதாக அப்புறம் சொன்னான். பிறகு ஒரு ராடில் மஞ்சள், ஒரு ராடில் வெள்ளை. மஞ்சளில் பத்து வீச்சு, வெள்ளையில் பத்து வீச்சு, மாற்றி மாற்றி. எண்ணுவது என் வேலை. அவன் கொடுத்த நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். வெள்ளையில் முதல் மீன் பாய்ந்தபோது பழக்கதோஷத்தில் வெடுக்கென்று இழுத்து விட்டுவிட்டான். "அது என் தப்பு, வெள்ளை கணக்குல எழுதாதீங்க" என்றான். எழுதுவதா வேண்டாமா என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஐந்து நிமிஷம் வாக்குவாதம். கடைசியில் தனியாக ஒரு காலம் போட்டோம்.

மத்தியானம் கரைக்குத் திரும்பும்போது மஞ்சள் இரண்டு, வெள்ளை ஒன்று, தப்பியது ஐந்து.

"பாத்தியா, மஞ்சள்தான் ஜாஸ்தி!" என்றார் அத்தான், மகனைத் தேற்றுகிற அவசரத்தில்.

பையன் நோட்டை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தான். "மூணு மீனை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா" என்றான்.

ஆறு செக்கை வைத்து நான் சொன்னேன்.