கூழும் கொள்முதலும்

வேலூரிலிருந்து ஆரணிக்குச் செல்லும் வழியில் அமைந்த கணியம்பாடி வட்டாரத்தில், ஆடி பிறந்தால் அம்மன் கோவில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசி சேர்த்துக் காய்ச்சிய கூழ் அது. துணைக்கு முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். முன்பு கழனிக்குப் போகிறவர்களின் அன்றாட உணவாக இருந்தது, இன்று பெரும்பாலும் திருவிழாப் படையலாகச் சுருங்கிவிட்டது. வீட்டு அடுப்பை விட்டு அது ஏன் நீங்கியது என்னும் வினாவிலிருந்தே இப்பகுதியின் உணவுக் கல்வி தொடங்கவேண்டும் என்பது என் துணிபு.

மக்கள் அதன் அருமையை மறந்துவிட்டார்கள் என்பது வழக்கமான விடை. அது போதாது. வட ஆர்க்காட்டுப் பேச்சில் ‘கேவுரு’ எனப்படும் இத்தானியத்தில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இருப்பதோ மிகச் சொற்பம். இதைச் சுவரொட்டிகளும் மருத்துவர்களும் சொல்லியாயிற்று. ஆனால் 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. எத்தனையோ வீடுகளில் பசியைத் தணித்த திட்டம் அது. அதைப் பழிப்பது அறமாகாது. எனினும், விலையில்லா அரிசி வீட்டில் இருக்கையில், காசு கொடுத்துக் கேழ்வரகு வாங்கி, கல் பொறுக்கி, அரைத்துவந்து, முதல்நாளே கரைத்துவைக்க, காலையில் காலணித் தொழிற்சாலைக்குப் புறப்படும் ஒரு பெண்ணுக்குப் பொழுது ஏது? வாங்குவோர் குறைந்தால் விதைப்போரும் குறைவார்கள். ஆகவே, கேழ்வரகின் பெருமையை மட்டும் பேசும் பிரசாரம் அவள் மீது இன்னொரு சுமையை ஏற்றுவதோடு நின்றுவிடுகிறது.

இதற்கும் அடியில் இருப்பது நிலமும் நீரும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதி இழந்ததாகக் கூறும் ஆய்வொன்றைச் சுட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறிக்காகச் சட்ட மாணவர்கள் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். நான் இதை உணவு வழக்காகவும் படிக்கிறேன். கிணற்று நீர் உவர்த்துப்போன ஊரில், பானையில் என்ன வேகும் என்பதைச் சமைப்பவள் முடிவு செய்வதில்லை.

ஆயினும் நீரை மீட்கும் உழைப்பும் இம்மண்ணிலேயே நடந்திருக்கிறது. ஜவ்வாது மலைப்பகுதியில் தோன்றும் நாகநதியை மீட்க, ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் மழைநீரை நிலத்துள் இறக்கும் கிணறுகளைத் தோண்டினார்கள். உள்ளூர் உணவுக்கான இயக்கம் எது என்று கேட்டால், முதலில் இப்பெண்களின் வேலையைத்தான் காட்டுவேன்.

நீர் திரும்பினாலும் விளைச்சலை வாங்க ஆள் வேண்டும். தனி வீடுகளால் இயலாததைப் பொதுச் சமையற்கூடம் செய்யமுடியும். 2022 செப்டம்பர் 15-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் ஆணையிலேயே, வாரத்தில் இரு நாளாவது அந்தந்தப் பகுதியில் விளையும் சிறுதானியத்தைக் கொண்டு சிற்றுண்டி தர இடம் உண்டு. 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டது. வேலூருக்கும் அதைக் கேட்கலாம்.

கேட்கும் இடம் கிராம சபை. நம் ஊர்ப் பள்ளியில் சிறுதானியம் எந்தெந்த நாளில் சமைக்கப்படுகிறது, அது எங்கிருந்து வருகிறது, இவ்வட்டார உழவரிடம் வாங்கத் தடை என்ன என்று கேட்டு, விடையைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யவேண்டும். சமைக்கும் மகளிர் குழுவையும் உழவரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தால், எத்தனை மூட்டை, எந்த மாதம், என்ன விலை என்று பேச்சு தானே கணக்குக்கு வந்துவிடும்.

வகுப்பறைப் பாடம் இதன் பிறகு வரட்டும். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைக் காலையில் பாடமாகக் கேட்ட பிள்ளைக்கு, நண்பகல் சத்துணவுச் சாம்பாரில் அதே காய் கிடைக்கவேண்டும்.