தூக்கமும் தர்மமும்

நெய்வேலியில் என் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவள் கணவர் சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டுகிறவர். மகள் வேறோர் ஊரில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். 36 மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு அன்று காலைதான் வந்திருந்தாள்.

விடியற்காலை நான்கு மணிக்கு, மருந்தின் அளவில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாக எழுதிவிட்டாளாம். வயதான நர்ஸ் ஒருவர் பார்த்துவிட்டு, "முகத்தைக் கழுவிட்டு வந்து இன்னொரு தடவை எழுதுங்க டாக்டரம்மா" என்றாராம்.

"அவங்க பாக்கலேன்னா, மாமா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல், தட்டில் வைத்த இட்லியைத் தொடாமலே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

தங்கை கணவருக்குக் கோபம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். "பம்பு நிக்கக் கூடாது மச்சான். அதுக்காக ஒரே ஆளையா நிக்க வைக்கிறோம்? ஷிப்டு முடிஞ்சா ஆள் மாறுது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்ன கேடு?"

நியாயமான கேள்விதான். ஆனால் உள்நோய் கரியைப் போல் அசையாமல் கிடப்பதில்லை. மாலையில் நாடி பிடித்தவரே விடியலிலும் பிடித்தால்தான் சில மாறுதல்கள் புலப்படும். 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர், இளம் டாக்டர்களை அங்கேயே குடியிருந்து கற்கச் செய்தார். 'ரெசிடென்ட்' என்ற பெயருக்கே குடியிருப்பவர் என்றுதான் பொருள்.

நியூயார்க்கில் 1984-ல், பயிற்சி டாக்டர்களின் கண்காணிப்பில் இருந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். அவள் தந்தை விடாமல் போராடினார். 1989-ல் அந்த மாநிலம் வாரத்துக்கு 80 மணி என்று வரம்பு கட்டியது. நம் மத்திய அரசும் 1992-லேயே, ரெசிடென்ட் டாக்டருக்கு நாளைக்கு 12 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது; 'சாதாரணமாக' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொண்டது. அந்தச் சொல்லின் இடுக்கு வழியாகத்தான் என் மருமகளின் இரவுகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. தன் தூக்கத்தைத் தானம் செய்ய ஒருவருக்கு உரிமை உண்டு. அந்தக் கூடுதல் பூஜ்யத்தின் விலையைக் கொடுக்க இருந்தவரோ, எதற்கும் சம்மதித்தவரில்லை, படுக்கையில் கிடந்தவர். பாவக் கணக்கை அவள் பேரில் எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய தொலைபேசி ஒலித்தது. தகப்பனார்தான் எடுத்தார். ஏழாம் படுக்கை நோயாளியைப் பற்றிக் கூடப் படிக்கிறவளுக்கு ஏதோ கேட்க வேண்டுமாம். "தூங்குறாம்மா" என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனை நேரம் ஷிப்டுக்காக வாதாடிய மனிதர், குனிந்து மகளின் தோளைத் தொட்டார்.

கண்ணைத் திறக்காமலே தொலைபேசியை வாங்கி, "யூரின் எவ்வளவு போயிருக்கு?" என்று கேட்டாள்.