கமக்காரருக்குக் கல்வி: தருமமா, கடனா?

"படிக்காவிட்டால் தோட்டந்தான் கொத்த வேணும்!"

யாழ்ப்பாணத்திலே இந்த ஏச்சைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் மிகச் சிலரே. இதைச் சொல்பவர் பெரும்பாலும் தோட்டம் கொத்துகின்ற தகப்பனாரே. விடியுமுன் இறைப்புக்கு எழும்பி, பகலெல்லாம் வெயிலில் நின்று, அந்தியில் முதுகு நோவோடு வீடு திரும்பும் அவர், தாம் பட்ட பாடு தம் பிள்ளை படக்கூடாது என்றே அப்படிச் சொல்கிறார். அவரிலே குற்றம் காண முடியாது. ஆனால் அந்த ஒரு வசனத்தில் இரண்டு தீர்ப்புகள் மறைந்திருப்பதை நீங்கள் கவனித்தீர்களா? படித்தவனுக்குத் தோட்டம் தேவையில்லை என்பது ஒன்று. தோட்டத்தில் நிற்பவனுக்குப் படிப்புத் தேவையில்லை என்பது மற்றொன்று.

இந்தத் தீர்ப்புகள் நியாயமானவையா? கமக்காரருக்கு அறிவு கொடுப்பது மனமிரங்கிச் செய்யும் தருமமா, அல்லது நாம் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனா? இதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

கடன் ஏற்பட்ட கதை

1970ம் ஆண்டுக்கும் 1977ம் ஆண்டுக்கும் இடையில், வெளிநாட்டிலிருந்து வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவை வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்நாட்களில் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களும் வன்னிக் குடியேற்றங்களும் நல்ல வருவாய் கண்டன. அந்தக் காசில் எத்தனை வீடுகள் எழும்பின! எத்தனை பிள்ளைகளின் கல்லூரிச் செலவு தீர்ந்தது! 1977ல் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டதும் விலை சரிந்தது. காசு போயிற்று, ஆனால் அந்தக் காசினால் பெற்ற படிப்புப் போகவில்லை. அது வைத்தியராயும் ஆசிரியராயும் எழுதுவினைஞராயும் நம்மிடையே வாழ்ந்தது. பின்னர் யுத்த காலத்தில் கடல் கடந்தும் சென்றது. உங்கள் குடும்பத்தின் முதற் பட்டதாரியை நினைத்துப் பாருங்கள். அவருடைய பட்டத்துக்குப் பின்னால் ஒரு வெங்காயத் தறை இருக்கக் கூடும்.

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது தருமம் அல்ல, அது நீதி.

எதைக் கற்பிப்பது?

விவசாயக் கல்வி என்றதும் நம்மில் பலருக்கு "கூடுதலாக விளைவிப்பது எப்படி" என்பதே நினைவுக்கு வரும். அது பாதிக் கல்விதான். சில வேளைகளில் ஆபத்தான பாதி. ஊரிலுள்ள எல்லோரும் ஒரே கிழமையில் ஒரே வெங்காயத்தைக் கூடுதலாகக் கிண்டினால் என்ன நடக்கும்? சந்தை நிரம்பும், விலை விழும். விளைச்சல் பெருகிய ஆண்டே கமக்காரர் கடன்பட்ட ஆண்டாகவும் ஆகிவிடும்.

ஆகவே கணக்கும் கற்பிக்கப்பட வேண்டும். ஒரு பரப்புக்கு விதைக்கு, பசளைக்கு, மருந்துக்கு, இறைப்புக்கு, கூலிக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதி வைக்கும் கமக்காரர் எத்தனை பேர்? வீட்டாரின் உழைப்பைச் செலவில் சேர்ப்பவர் எத்தனை பேர்? தம் மனைவியின் கூலியையும் தம் கூலியையும் கணக்கில் எழுதாதவர், நட்டத்தையே இலாபமென்று எண்ணிக்கொண்டிருப்பார்.

நமது சந்தைகளில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்த கழிவு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் கழிவென்று தள்ளி, தொண்ணூறுக்கே காசு கொடுப்பார்கள். கிலோ 150 ரூபா என்று வைத்துக்கொண்டால், ஒரு நடையில் 1,500 ரூபா போகிறது. ஒரு போகத்தில் ஆயிரம் கிலோ விற்பவர் நூறு கிலோவைச் சும்மா கொடுத்துவிடுகிறார். இந்தக் கணக்கு நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தராசுக்கு முன்னால் தனியே நிற்கும் கமக்காரர் வாய் திறக்க முடிவதில்லை. சாக்கை அவிழ்த்த பின் மரக்கறியைத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்பது வாங்குபவருக்கும் தெரியும்.

யார் ஆசிரியர்?

அடுத்த கேள்வி இது. அரசாங்கத்தின் விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கிறார்கள்; கமநல நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு போதனாசிரியரின் பொறுப்பில் பல கிராமங்கள். முன்பு கிராம மட்டத்தில் நின்று உதவிய விரிவாக்க ஊழியர்கள் 1989ம் ஆண்டளவில் பொது நிர்வாக வேலைக்கு மாற்றப்பட்டார்கள். அந்த வெற்றிடத்தில் ஆசிரியராக வந்தவர் யார்? பசளையும் கிருமிநாசினியும் விற்கும் கடைக்காரர். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் கூடுதலாக விற்றால் அவருக்கு இலாபம். அவர் "குறைத்துப் போடு" என்று சொல்வார் என்று எதிர்பார்க்கலாமா?

அதன் பலனை நமது கிணறுகள் சொல்கின்றன. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கும் மழைநீரே நமக்குள்ள சொத்து. மேலே போடும் மிகையான பசளை கரைந்து அந்த நீரில் சேருகிறது. ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் ஆகாது. மண்ணைப் பரிசோதித்து அளவாகப் பசளையிடக் கற்பதினால் கமக்காரரின் செலவும் குறையும். அயலவரின் பிள்ளையும் காக்கப்படும்.

மறுபுறம், அறிவு மேலிருந்து கட்டளையாக வந்தால் என்ன ஆகும் என்பதை 2021ல் கண்டோம். இரசாயனப் பசளை இறக்குமதி ஓரிரவில் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதே; ஆனால் கமக்காரரை ஒருவரும் கேட்கவில்லை, ஆயத்தம் செய்ய அவகாசமும் கொடுக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்து, அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. கேளாமல் கற்பிப்பவர் ஆசிரியர் அல்லர். மழை, மண், விதை பற்றிப் பரம்பரையாக வந்த அறிவு கமக்காரரிடம் இருக்கிறது. அதிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும்.

ஒரு முன்மாதிரி

கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் வண. பிதா மோசஸ் கோடி என்பவர், 1928ல் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் தொடங்கிய விரிவாக்கப் பகுதியின் பணிப்பாளரானார். வறுமைப்பட்ட கமக்காரரையும் மீனவரையும் அவர் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கவில்லை; பல்கலைக்கழகத்தை அவர்களுடைய குசினிகளுக்குக் கொண்டுசென்றார். அயலவர் சிலர் சேர்ந்து இரவில் கூடிப் படித்தார்கள். நாம் விற்பதன் விலையை யார் தீர்மானிக்கிறார்? நம்மால் என்ன செய்ய முடியும்? இப்படிப் படித்தவர்கள் கடனுதவிச் சங்கங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் நிறுவினார்கள். மீனவர்கள் சிங்கி இறாலைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலைகளைத் தாங்களே நடத்தினார்கள்.

இதில் நமக்கொரு பாடமுண்டு. வெங்காயத்தைக் காயவைத்துப் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிட்டால் விலை ஏறும்வரை வைத்திருக்கலாம் என்பது நமது கமக்காரருக்குத் தெரியாததல்ல. பசளைக் கடைக் கடனும் அடைவு வைத்த நகையின் வட்டியும் அவரைக் காத்திருக்க விடுவதில்லை. அறிவுக்குத் துணையாக ஒற்றுமை வேண்டும். ஒற்றுமைக்குத் துணையாகச் சிறு சேமிப்பு வேண்டும். விவசாயிகளின் முன்னேற்றத்துக்கு விவசாயிகளே முதன்மைக் கருவிகள் என்று பாப்பரசர் 23ம் அருளப்பரும் 1961ல் வெளியிட்ட சுற்றுமடலில் போதித்தார்.

ஒரு எச்சரிக்கை

"கமக்காரர் ஏழையாயிருப்பதற்கு அவருடைய அறியாமையே காரணம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அறுவடை நேரத்தில் இறக்குமதியை அனுமதிப்பது கமக்காரரின் அறியாமை அல்ல. கல்வி நீதிக்குப் பதிலாக முடியாது. ஆனால் கணக்குத் தெரிந்த பத்துப் பேர் ஒன்றாக நின்று கேட்கும்போது, நீதியை மறுப்பது கடினமாகும். அந்தப் பத்துப் பேரில் குத்தகைக்குச் செய்பவரும், கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணும் இருக்க வேண்டும். காணிக்காரருக்கு மட்டும் போய்ச் சேரும் கல்வி மற்றொரு அநீதியாகும்.

நாம் செய்யக் கூடியது

உங்கள் பங்கு மண்டபம் வாரத்தில் எத்தனை இரவுகள் பூட்டிக் கிடக்கிறது? ஓர் இரவைக் கேட்டுப் பெறுங்கள். பத்துக் குடும்பங்கள் கூடட்டும். எந்தச் சமயத்தவரானாலும் வரட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு கொப்பியில் வரவுசெலவு எழுதக் காட்டட்டும். போதனாசிரியரை அழையுங்கள்; பேசுவதற்கு முன் அவரும் கேட்கட்டும். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் திருவிழாவுக்கு அனுப்பும் காசில் ஒரு பங்கை மண் பரிசோதனைக்கும் ஒரு தராசுக்கும் கேளுங்கள். அந்தத் தராசு, சந்தைக்குப் போகுமுன் தம் பொருளின் நிறையைக் கமக்காரரே அறிந்துகொள்வதற்கு.

உவமையில் வரும் ஊழியன் தனக்குத் தரப்பட்ட தாலந்தை மண்ணில் புதைத்துவைத்ததால் கண்டிக்கப்பட்டான். நமக்குத் தரப்பட்ட படிப்பை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?

அடுத்த முறை உங்கள் பிள்ளையை ஏசும்போது அந்தப் பழைய வசனத்தைச் சற்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள்: "தோட்டம் செய்யிறதெண்டாலும் படிக்க வேணும், மோனை."