பத்திரமா வச்சிருக்கேன்

ஒரு பொருளைப் பூட்டி வைப்பதும் அதைப் பேணுவதும் ஒன்றுதானா? எனக்குள் இந்தக் கேள்வியைக் கிளப்பியது ஒரு பழைய கார்.

ஈப்போவில் இருக்கும் என் சித்தப்பாவிடம் 1972-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்று உண்டு. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட, கூரையைத் திறந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் கார் ரகம். 18 ஆண்டுகளாக வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், கேன்வஸ் போர்வைக்குள் கிடந்தது. கேட்டால், "பத்திரமா வச்சிருக்கேன்டா" என்பார். ஆண்டு தவறாமல் ஆயுத பூஜைக்குப் போர்வையை விலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவோம். மறுபடி மூடிவிடுவோம்.

போன வருஷம் அதை ரோட்டுக்குக் கொண்டு வரலாம்னு முடிவாச்சு. எனக்கு உடனே சாவியைத் திருகிச் சத்தம் கேட்கணும்னு ஆசை. பட்டறை அண்ணன் விடவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டார். பிறகுதான் எஞ்சினைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். உள்ளே துரு பிடித்திருந்தால், அவசரமாக ஸ்டார்ட் செய்வதே ரிங்கை உடைத்துவிடுமாம்.

பெரிய அதிர்ச்சி பிரேக்கில். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்தே அரித்துவிட்டது. ரப்பர் குழாய்கள் பார்க்க நல்லாத்தான் இருந்தன. வெட்டிப் பார்த்தால் உள்ளே வீங்கி அடைத்துக் கிடந்தன. டயர்கள் தேயவே இல்லை, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு.

"எல்லாத்தையும் மாத்திட்டா அது ஒரிஜினல் காரா?" என்றார் சித்தப்பா.

இது லேசான கேள்வி இல்லை. 1929, 1930 இரண்டு ஆண்டும் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரில், பந்தயத்தில் ஓடியபோது இருந்த பாகங்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. அது அதே கார்தானா என்று 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயர் அதற்கு உரியதுதான் என்று தீர்ப்பானது. அந்தக் கார் ஓடி ஓடி மாறியது. எங்கள் கார் மாறாமல் இருந்தது, யாரும் தொடாததால். அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டறை அண்ணன் வரலாறெல்லாம் பேசவில்லை. "ஒரிஜினல் பிரேக்கோட போய் மோதிட்டா, எதிர்ல மோட்டார்ல வர்ற பையன்கிட்ட என்னண்ணே சொல்வீங்க?" என்றார். சித்தப்பா தலையாட்டினார்.

அவரைக் குறை சொல்ல மனசு வரல. கையில் காசு இல்லாத காலத்தில்தான் காரை மூடினார். காசு வந்த பிறகும் ஏன் திறக்கலைன்னு ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தொறந்தா என்னென்ன போயிருக்குமோன்னு பயம்டா" என்றார். இத்தனை வருஷம் 'பத்திரம்' என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குழாய், சிலிண்டர், டயர் எல்லாம் புதுசு. எஞ்சினும் உடைந்த கடிகாரமும் பழசு. இந்த வருஷம் ஆயுத பூஜையன்று சித்தப்பா காலையிலிருந்து காருக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போகுதுன்னு சித்தி சத்தம் போட்டார். கிரீஸ் கையோடுதான் வந்து குங்குமம் வைத்தார்.