உதிர்ந்த புட்டும் அடுக்குக் குலைந்த பரோட்டாவும்

ஓர் ஊரின் பண்டத்தையும் இன்னோர் ஊரின் பண்டத்தையும் அருகருகே வைத்து இவற்றுள் எது சிறந்தது என்று கேட்பவர், தாம் அறியாமலேயே இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார். இவை இரண்டும் ஒரே பொருள்தானா என்பது ஒன்று. ஒரே பொருள்தான் என்றால் அவற்றுள் மேலானது எது என்பது மற்றொன்று. முன்னது இலக்கணம் பற்றியது, பின்னது மதிப்பு பற்றியது. முன்னதற்கு விடை காணாமல் பின்னதில் இறங்குவோரின் வாதம் எத்தனை நாழிகை நீண்டாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். உலகறிந்த சான்று பீட்சா. நேப்பிள்ஸ் நகரத்தார் 1984இல் சங்கம் அமைத்து, மெய்யான நேப்பிள்ஸ் பீட்சா எது என்பதற்கு விதிகள் வகுத்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதைப் பாரம்பரியச் சிறப்புடைய உணவாகப் பதிவு செய்தபோது, குறுக்களவு 35 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது, விறகடுப்பில் 60 முதல் 90 வினாடிக்குள் வெந்துவிட வேண்டும் என்றெல்லாம் வரையறுத்தது. சிகாகோவிலோ 1943 முதல், ஆழமான தட்டில் பாலாடைக்கட்டியையும் தக்காளிச் சாற்றையும் கனமாக நிரப்பி நெடுநேரம் சுடும் பண்டம் அதே பெயரில் விற்கப்படுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த அந்தோனின் ஸ்காலியா 2014இல் சிகாகோவிலேயே பேசும்போது, அது மிகவும் சுவையானதுதான், ஆனால் அதைப் பீட்சா என்று அழைக்கலாகாது என்ற கருத்தைத் தெரிவித்தார். நீதிபதிக்குரிய முறையில் அவர் இரு கேள்விகளையும் பிரித்துவிட்டார். சுவைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுப் பெயரைப் பறித்துக்கொண்டார்.

இதே வழக்கு மதுரையில் பரோட்டாவின் மீது நடக்கிறது. வைகையின் தென்கரையில் நகரின் மேற்குப் பகுதியாக அமைந்த ஆரப்பாளையம், தேனி, கம்பம், திண்டுக்கல், பழனி, கோவை, ஈரோடு, சேலம் எனப் பல ஊர்ப் பேருந்துகள் வந்து திரும்பும் நிலையத்தைக் கொண்டது. ஆகவே ஒவ்வோர் ஊராரும் தத்தம் ஊர்ப் பரோட்டாவின் நினைவோடு வந்து உட்காரும் இடம் அது. கடைப் பலகைகள் பெரும்பாலும் ‘புரோட்டா’ என்றே எழுதுகின்றன, அதில் பிழை காண்போரின் பசி அடங்கியிருக்கும் என்று கொள்ளலாம். மதுரை வழக்கில் மைதாவை எண்ணெயும் உப்பும் நீரும் சேர்த்துப் பிசைந்து, ஊற வைத்து, உருண்டை பிடித்து, கண்ணாடிபோல் மெலியும்வரை வீசி, கொசுவிச் சுருட்டி, மறுபடி தட்டிக் கல்லில் போட்டு வேகவைத்து எடுப்பர். எடுத்த நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் சுருளின் அடுக்குகள் பிரிந்து மலர்கின்றன. அடிக்கப்படாத பரோட்டா வெந்த மாவே தவிரப் பரோட்டா ஆகாது என்பது மாஸ்டர்களின் கொள்கை. விருதுநகரில் அளவில் சிறிய பரோட்டாவை எண்ணெயிலேயே மிதக்கவிட்டு மொறுமொறுவென்று பொரித்தெடுப்பர். பன் பரோட்டா மதுரைக்கே உரிய இன்னொரு வடிவம், உயரமாகவும் பஞ்சுபோலவும் இருப்பது. வீச்சுப் பரோட்டாவுக்குச் சுருளே இல்லை. வீசிய தாளை நாற்புறமும் மடித்துச் சதுரமாக்கிச் சுடுவதோடு சரி. கேரளத்தின் மலபார்ப் பரோட்டா, செங்கோட்டைக்கருகே பிரானூர் பார்டரில் நாட்டுக்கோழியோடு பரிமாறப்படும் பரோட்டா, தமிழ் முஸ்லிம்கள் கடல்கடந்து கொண்டுசென்று மலேசியாவில் ரொட்டி சானாய் என்றும் சிங்கப்பூரில் பிராட்டா என்றும் வழங்கும் வடிவங்கள், இலங்கையின் கொத்து ரொட்டி என்று இந்தக் குடும்பம் விரிகிறது.

இவை அனைத்தையும் தழுவும் இலக்கணம் ஒன்றைச் சொல்வது எளிதன்று. ஒரு வரையறைக்கு நேரக்கூடிய குற்றங்களாக நியாய நூலார் மூன்றைச் சொல்வர்: வரையறுக்கப்படும் பொருள்களில் சிலவற்றை எட்டாமல் போவது அவ்வியாப்தி, பிறவற்றிலும் சென்று படர்வது அதிவியாப்தி, எதனிடத்தும் பொருந்தாமை அசம்பவம். சுருளடுக்கு உடையது பரோட்டா என்றால் வீச்சுப் பரோட்டா வெளியே நிற்கும். மைதாவைப் பிசைந்து கல்லில் சுட்டது பரோட்டா என்றால் ஊரிலுள்ள ரொட்டிகளெல்லாம் உள்ளே வந்துவிடும். இந்தத் தர்க்கச் சிக்கல் வெறும் ஏட்டுச் சிக்கலாக நிற்கவுமில்லை. 2020இல் கர்நாடகத்தின் சரக்கு சேவை வரி முன்தீர்ப்பு ஆணையம், பொட்டலத்தில் விற்கப்படும் பரோட்டா ரொட்டி வகையைச் சேராது என்று கூறி 18 விழுக்காட்டு வரிக்கு உட்படுத்தியது. 2024இல் கேரள உயர்நீதிமன்றம் அதை ரொட்டிக்கு நெருங்கியதாகக் கொண்டு 5 விழுக்காடே பொருந்தும் என்றது. 2025 செப்டம்பரில் வரி மன்றம் பரோட்டாவுக்கு வரியே இல்லை என்று முடித்தது. ஐந்தாண்டுகளில் பொருள் மாறவில்லை, அதன் சாதி மூன்று முறை மாறியது. நியாய நூலாருக்குச் சாதி என்பது பல பொருள்களில் ஒன்றாக நிற்கும் பொதுத்தன்மை; அது பொருளிலேயே உறைவது என்பது அவர்கள் துணிபு, பார்ப்போர் மனம் சூட்டுவது என்பது பௌத்தர் மறுப்பு. பரோட்டாவின் வரி வரலாற்றைப் பௌத்தர் தம் பக்கச் சான்றாகக் காட்டியிருப்பர்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் கூர்மையான ஒரு கருவியைத் தருகிறது. ஒரு பொருள் பிறிதொன்றின் சார்பின்றித் தன்னில் தானாக நிற்கும் இயல்பு சொரூப இலக்கணம் எனப்படும். பிறவற்றோடு கொண்ட தொடர்பால் அதற்கு வந்து அமையும் இயல்பு தடத்த இலக்கணம் எனப்படும். இறைவனைப் பற்றிப் பேச வகுக்கப்பட்ட இந்தப் பாகுபாட்டைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுவருவது மரபறிந்தோர் சிலருக்கு உவப்பாகாது எனினும், ஊர்ப்பெயர் தாங்கிய பண்டங்களைப் பற்றிய பூசலில் பாதி, தடத்தத்தைச் சொரூபமாக மயங்குவதால் விளைகிறது. மாவை இழுபடும் பதத்துக்குப் பிசைந்து மெல்லிய தாளாக விரித்து எண்ணெயால் தாளுக்குத் தாள் ஒட்டாமல் மடக்குவது பரோட்டாவின் சொரூபம் என்று கொண்டால், வட்டமா சதுரமா, சுட்டதா பொரித்ததா, சிறிதா பெரிதா என்பன எல்லாம் ஊரும் அடுப்பும் உண்போரும் கொடுத்த தடத்தங்கள் ஆகிவிடும். மண்ணின் பெயரால் கொண்டாடும் உரிமையும் இதனால் தளர்கிறது. வைகைச் சமவெளி நெல் விளையும் மண். மைதா வேற்றிடத்துக் கோதுமையிலிருந்து வருவது. நேப்பிள்ஸ் பீட்சாவின் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்ததுதான். ரசகுல்லாவுக்கு உரிமை கோரி வங்காளமும் ஒடிசாவும் மோதிக்கொண்டபோது, புவிசார் குறியீடு 2017இல் வங்க ரசகுல்லாவுக்கும் 2019இல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே வழங்கப்பட்டது. பதிவகம் தடத்தங்களைப் பதிந்ததே அன்றி எது இனியது என்ற வழக்கைத் தொடவே இல்லை.

அந்த வழக்கைத் தொட்டவர்களுள் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூமும் ஜெர்மனியின் இம்மானுவேல் காண்ட்டும் குறிப்பிடத்தக்கவர்கள். ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரையில், டான் குவிக்சோட் கதையில் வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்தாளுகிறார்: மதுப்பீப்பாய் ஒன்றைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோலின் வாடை சற்றே தெரிகிறது என்றும், மற்றவர் இரும்பின் சுவை தெரிகிறது என்றும் சொல்ல, கூடியிருந்தோர் நகைத்தனர், பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. நுட்பமான நாவுக்குப் புலப்படுவது பொருளில் உண்மையாகவே உள்ளது, பயிற்சியும் ஒப்பீடும் சார்பின்மையும் உடையவரின் தீர்ப்பு பிறர் தீர்ப்பைவிட மேலானது என்பது அவர் முடிவு. ஒரு வாய் மென்றதும் மாவு ஊறவில்லை, நீர் குறைந்துவிட்டது என்று சொல்லிவிடும் பழைய பரோட்டா மாஸ்டர் ஹியூமின் நீதிபதிக்குத் தக்க சான்று. காண்ட் 1790இல் இதை மறுத்தார். அழகு பற்றிய தீர்ப்பில் எல்லோரும் உடன்பட வேண்டும் என்று எதிர்பார்க்கலாம், நாவுக்கு இனியது பற்றிய தீர்ப்பு அவரவர்க்கு மட்டுமே உரியது, ஆகையால் அதில் வாதத்துக்கு இடமில்லை என்றார்.

தமிழ் மரபு இவ்விருவரோடும் முழுவதும் செல்லவில்லை. நாவின் சுவைக்கும் நூலின் சுவைக்கும் ஒரே சொல்லை வழங்கும் மொழியில் காண்ட்டின் வேலி எளிதில் நிற்பதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்டோர் சுவையை நான்காகப் பகுத்துக் காட்டுவர்: சுவைக்கப்படும் பொருள், அது பொறியில் பட்டபோது பிறக்கும் உணர்வு, அதன் வழியே உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல். கசப்பு வேம்பில் மட்டும் இருப்பதன்று, நாவில் மட்டும் இருப்பதுமன்று. வேம்பும் நாவும் கூடும் இடத்தில் தோன்றி, முகத்தின் சுளிப்பில் பிறர் கண்ணுக்குத் தெரிவது. சுவை தனியுடைமை என்பார்க்கு இந்த நான்காம் பகுதி வலுவான மறுப்பு. எதிரே உட்கார்ந்து தின்பவரின் முகம் பொதுவெளியில் இருக்கிறது; கடைக்காரர் அதைப் பார்த்துத்தான் மறுநாள் மாவின் பதத்தை மாற்றுகிறார்.

கூடும் இடம் மாறினால் சுவையும் மாறும் என்பது இதன் விளைவு. இதற்கு உரிய தர்க்கத்தை மதுரையின் மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிச் சென்றோரின் சமயம் வகுத்திருக்கிறது. ஒரு பொருள் எண்ணற்ற பக்கங்களை உடையது, ஒரு கூற்று ஒரு பக்கத்தையே பற்றும் என்பது அநேகாந்தவாதம். ஆகவே ஒவ்வொரு கூற்றுக்கும் முன்னே ‘ஒருவாற்றான்’ எனப் பொருள்படும் ‘சியாத்’ என்ற சொல்லைச் சேர்த்து, உண்டு, இல்லை, உண்டும் இல்லையும், சொல்லொணாதது, இவற்றின் கூட்டுகள் என ஏழு வாய்பாடுகளில் பேச வேண்டும் என்பது அதன் முறை. பொழுது சாய்ந்தபின் உண்ணாமையையும் புலால் மறுத்தலையும் நோன்பாகக் கொண்டோரின் தர்க்கத்தால், இரவுக் கடையில் கறிச் சால்னாவோடு தின்னும் பண்டத்தை அளப்பது சற்று வேடிக்கையானதுதான். ஆயினும் அளவுகோல் பொருந்துகிறது. இதை எல்லாமே சிறந்தது என்னும் சமாதானமாகக் கொள்வது பிழை. சமண நூலான நீலகேசியின் தலைவி பௌத்தர் முதலிய பிற சமயத்தாரோடு விட்டுக்கொடாமல் வாதிட்டு வென்றவள். ஒருவாற்றான் என்ற சொல் தீர்ப்பைத் தள்ளிவைக்கவில்லை, எவ்வாற்றான் என்று சொல்லும்படி தீர்ப்பளிப்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. மணிமேகலையிலேயே இடம்பெற்றுவிட்ட பட்டிமண்டபத்தின் வழிவந்த இன்றைய பட்டிமன்றங்களில், இரண்டும் சிறந்ததே என்று நடுவர் மணியடித்து முடிப்பதை அநேகாந்தம் என்று சொல்ல முடியாது. அது வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்பதன் நாகரிக வடிவம்.

ஆரப்பாளையத்துக்கு இந்த விவாதத்தில் இன்னொரு பங்கும் உண்டு. பேருந்து நிலையம் வருவதற்கு முன்பே அவ்விடம் புட்டுத்தோப்பால் பெயர் பெற்றது. மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை அங்குதான் நிகழ்த்தப்படுகிறது. வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்று அரிமர்த்தன பாண்டியன் ஆணையிட, ஆளற்ற புட்டு வாணிச்சி வந்திக்காக இறைவன் கூலியாளாக வந்தான் என்பது திருவிளையாடல். மக்கள் வழக்கில் சொல்லப்படும் வடிவில், உதிர்ந்த புட்டு மட்டுமே கூலி என்பது பேச்சு; அன்று அவித்த புட்டெல்லாம் உதிர்ந்தே வந்தது. குழலிலிருந்து உடையாமல் இறங்குவதே புட்டின் இலக்கணம் என்றால், வந்தியின் புட்டு முழுவதும் இலக்கணம் வழுவியது. அந்த வழுவே அதைக் கூலியாக்கியது. கூலியாள் வடிவமும் சித்தாந்தத்தின்படி தடத்தமே, உயிர்களின் பொருட்டு எடுத்துக்கொண்டது. தடத்த வடிவில் வந்தவன் வடிவு குலைந்த பண்டத்தைக் கேட்டு வாங்கினான் என்னும்போது, உரு நேர்த்தியைச் சுவையின் அளவாக்குவோருக்கு இந்தக் கதை இடையூறு செய்கிறது.

கதையில் மேலும் நுட்பமான ஓர் இடம் உண்டு. வேலை செய்யாமல் விளையாடிய கூலியாளின் முதுகில் விழுந்த பிரம்படி, அரசன் முதல் எல்லா உயிர்கள் மீதும் பட்டது. அடி எல்லோர்க்கும் பொதுவாயிற்று. புட்டின் இனிமை எல்லோர் நாவிலும் ஏறியதாகக் கதை சொல்லவில்லை. நோவைப் பகிரச் சொல் வேண்டாம், சுவையைப் பகிரச் சொல் வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள இடமுண்டு. பரோட்டாக் கடை மேசைகளில் இரவெல்லாம் ஓயாத வாதம் அந்தச் சொல்லைத் தேடும் முயற்சியே ஆகும்.

எவ்வாற்றான் என்று சொல்லிவிட்டால் தீர்ப்பும் சொல்லலாம். கல்லிலிருந்து இறக்கி அடித்த சூட்டிலேயே, பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவைத்துத் தின்னுமாற்றான் மதுரைப் பரோட்டாவே சிறந்தது. அடுக்குகள் விரிந்திருப்பதால் குழம்பு உள்ளே இறங்குகிறது, பொரித்த மேல்தோல் அதை அந்த அளவுக்கு ஏற்பதில்லை. குழம்பில்லாமல் கடித்துத் தின்னுமாற்றான் விருதுநகருக்கு நிகர் இல்லை. பன் பரோட்டா மென்மையில் வெல்கிறது, அடுக்கில் தோற்கிறது. ஆறிய பரோட்டாவைப் பொறுத்தவரை எந்த ஊரும் சிறந்ததன்று. தோல்போல் இழுபடும் அதைக் கல்லில் போட்டு, முட்டையும் வெங்காயமும் சால்னாவும் சேர்த்துக் கொத்திவிடுவதே முறை.